லண்டன் கெயார் விசாவுக்கு அம்மாவின் வயலை எழுதித் தரலாமா?

கேள்வி: நான் வட்டக்கச்சியைச் சேர்ந்தவன். மனைவி முன்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். தெரிந்த ஒருவர் மூலம் லண்டனுக்குக் கெயார் வேலைக்கு (முதியோர், நோயாளர் பராமரிப்பு) குடும்பமாகப் போக 42 இலட்சம் பேசினோம். 2025 நவம்பரில் 10 இலட்சத்தை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டேன். பிரான்சில் இருக்கும் அண்ணா உண்டியலில் (வங்கி வழியல்லாமல் ஆள் மூலம்) அனுப்பிய 8 இலட்சத்தைக் கையில் கொடுத்தோம். இப்போது ஸ்பொன்சர் கடிதம் வந்துவிட்டதென்று வட்ஸ்அப்பில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். மீதிக் காசுக்கு அம்மாவின் பெமிட் (அரச அனுமதிப்பத்திர) வயலை எழுதித் தரட்டாம். அது சரிவராவிட்டால் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாமாம். முள்ளியவளையில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா 2023 இல் இப்படித்தான் குடும்பத்தோடு போனார். எங்கள் நான்கு பாஸ்போர்ட்டும் காசு வாங்கிய ஆளிடம்தான் இருக்கின்றன. காணியை எழுதலாமா? எழுதாவிட்டால் கொடுத்த காசு போய்விடுமா?

பதில்: தம்பி, காணியை எழுத வேண்டாம். இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அம்மாவையும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

முள்ளியவளை அக்கா போனது உண்மையாகத்தான் இருக்கும். அப்போது அந்த வழி திறந்திருந்தது. பிரித்தானியா 2022 பெப்ரவரியில் கெயார் வேலைக்கு விசாவைத் திறந்தது. குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றிருந்தது. 2024 மார்ச் 11 முதல் கெயார் வேலைக்குப் புதிதாகப் போகிறவர் மனைவி, பிள்ளைகளைக் கொண்டுபோக முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் காசு கொடுத்தது அதற்கு நான்கு மாதம் கழித்து, நவம்பரில். அக்கா போன வழி அடைபட்ட பிறகு அதே வழியைக் காட்டித்தான் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். உங்களை நம்ப வைத்தது அவருடைய பேச்சை விட அக்காவின் பயணம்தான். வன்னியில் இந்த ஏமாற்று இவ்வளவு எடுபடுவதற்கு அதுவே காரணம். ஒவ்வொரு ஊரிலும் உண்மையாகப் போன ஒருவர் இருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலைக்கான குறியீட்டு இலக்கம் 6145 என்று இருக்கிறது. அது பழைய பட்டியலில் கெயார் வேலைக்கு இருந்த இலக்கம். 2024 ஏப்ரலில் பட்டியலை மாற்றி அதை 6135 ஆக்கினார்கள். 2025 இன் கடைசியில் திகதி போட்ட கடிதத்தில் பழைய இலக்கம் வர வழியில்லை. எவருக்கோ முன்பு வந்த கடிதத்தில் பெயரையும் திகதியையும் மாற்றியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. இன்னொன்று. ஸ்பொன்சர் சான்று என்பது உண்மையில் தாளே இல்லை. வேலை தருகிற நிறுவனம் பிரித்தானிய உள்துறையின் கணினியில் பதிகிற ஒரு பதிவு, அதற்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான். அதற்குரிய கட்டணம் 2025 இல் 525 பவுண். அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் அதை வேலையாளின் தலையில் போடவும் கூடாது. ஸ்பொன்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக உங்கள் கடிதம் உண்மையாகிவிடாது. உண்மையான நிறுவனத்தின் பெயரைப் போட்டுத்தான் பொய்க் கடிதம் செய்வார்கள்.

விசிட் விசாக் கதையும் சரிவராது. விசிட்டில் போனவர் அங்கே நின்றுகொண்டு வேலை விசாவுக்கு மாற முடியாது. வேலைக்குப் போகும் எண்ணத்தை மறைத்து, பொய் வங்கிக் கணக்கும் பொய்க் கடிதமும் வைத்து விண்ணப்பித்துப் பிடிபட்டால், 10 வருடத்துக்கு நீங்கள் போடுகிற விண்ணப்பங்களெல்லாம் மறுக்கப்படும். கொழும்பில் விசா நிலையத்துக்குப் போய் நீங்களோ மனைவியோ கைரேகை கொடுத்தீர்களா? இல்லையென்றால் உங்கள் பெயரில் எந்த விண்ணப்பமும் முழுமையாகவில்லை. அந்த மட்டில் நல்லது.

வேலை விசா முற்றாக நின்றுவிடவில்லை. பெரும்பாலும் பட்டத் தரத்து வேலைகளுக்கு, பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண் சம்பளம், நல்ல ஆங்கிலத் தேர்ச்சி என்று கேட்கிறார்கள். பதிவு பெற்ற தாதியர் அங்குள்ள சம்பளத் திட்டப்படி இன்னும் போகலாம், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். நீங்கள் சொன்ன விபரங்களின்படி உங்கள் இருவருக்கும் இன்று அந்த வழி பொருந்தாது. இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனிக் காணி. வட்டக்கச்சி குடியேற்றத் திட்டக் காணி. பெமிட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. எழுதினாலும் அது செல்லாது. நொத்தாரிசு அதை முடித்துக் கொடுப்பதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. அதற்கு மேல், அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறினால் பெமிட்டே இரத்தாகும் நிலை வரலாம். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, திரும்பி வந்து, பிரதிக்காக எத்தனை தரம் கச்சேரி, பிரதேச செயலகம் என்று அம்மா அலைந்திருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காணியை இப்படி ஆபத்தில் விடக்கூடாது.

பெமிட் காணியை எழுத முடியாதென்பது இந்த ஆளுக்கும் தெரிந்திருக்கும். அதனால் அடுத்ததாக அற்றோணித் தத்துவம் (அம்மாவுக்காக அவர் கையெழுத்திடும் அதிகாரம்) கேட்பார், அல்லது முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார், அல்லது 24 இலட்சத்துக்குக் கடன் சீட்டு எழுதித் தாருங்கள் என்பார். எனக்குக் காணியை விட அந்தக் கடன் சீட்டில்தான் பயம். நாளைக்கு விசாக் கதையை முற்றாக மறைத்துவிட்டு, ‘இந்த அம்மா என்னிடம் 24 இலட்சம் கடன் வாங்கினார்’ என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிற்கலாம். கடன் வாங்கவில்லை என்று காட்டும் சுமை அப்போது உங்கள் அம்மாவின் தலையில் விழும்.

கொடுத்த காசு காணியை எழுதாததால் போகாது. அதை எடுக்க வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். உங்கள் பிரதேச செயலகத்திலேயே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். இவருக்கு உரிமம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதோடு பொலிஸில் ஏமாற்றுதல் என்று முறைப்பாடு போடுங்கள்; தண்டனைச் சட்டக் கோவையின் 400, 403 ஆம் பிரிவுகள் இதற்குப் பொருந்தும். ‘இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, சிவில் வழக்குப் போடு’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், அந்தப் பொய்க் கடிதத்தின் அச்சுப் பிரதியை மேசையில் வையுங்கள்.

உண்டியல் காசைப் பற்றிப் பலர் வாய் திறப்பதில்லை. வங்கியில் போட்டதை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அண்ணா எப்படி அனுப்பினார் என்பதை விட, அந்த 8 இலட்சம் இந்த ஆளின் கைக்குப் போனது என்பதுதான் இங்கே முக்கியம். அதற்கு உங்களிடம் நல்ல சான்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய குரல் பதிவில் அவரே, ‘மொத்தம் பதினெட்டு வந்திட்டுது, மிச்சம் இருபத்திநாலு’ என்கிறார். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். காசு கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் யார், எந்த இடம், எந்த நாள் என்று மறக்க முதல் எழுதி வையுங்கள்.

வழக்கு நீதிவான் நீதிமன்றத்துக்குப் போனதும் தவணை முறையில் காசைத் தருகிறேன் என்று வருவார். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வரும் முன் ‘பெற்றுக்கொண்டேன், முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். காசோலை தந்தால், அது மாறிக் கணக்கில் காசு விழுந்த பிறகுதான் பணம் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். காசு முழுதாக வராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டியிருக்கும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம்தான் அவகாசம். பாதுகாப்பாகக் கணக்கிட்டால் 2028 நவம்பருக்கு முன் போட்டுவிட வேண்டும். ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று அவர் இழுப்பதற்குள் அந்த நாள் வந்துவிடும்.

பாஸ்போர்ட்டுகளை இந்தக் கிழமைக்குள்ளேயே கேளுங்கள். வாயால் கேட்காமல் வட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதில் பதிவாக இருக்கும். காசைக் கட்டினால்தான் தருவேன் என்றால், அந்தச் செய்தியையும் நான்கு பாஸ்போர்ட்டின் இலக்கங்களையும் பொலிஸ் முறைப்பாட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.