கே.வி.ஏ. கட்டணத்தைக் குறைப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மரப்பட்டறையில் மும்முனை (த்ரீ பேஸ்) மோட்டார்கள் சேர்ந்து 30 கிலோவாட் எடுக்கின்றன. பவர் ஃபேக்டர் 0.70. பில்லில் கே.வி.ஏ. கட்டணம்தான் சுமை. எவ்வளவு கெபாசிட்டர் போட வேண்டும்? (வாசகர், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: பவர் ஃபேக்டர் என்பது, வேலை செய்யும் மின்திறனுக்கும் (கிலோவாட்) நீங்கள் இழுக்கும் மொத்த மின்திறனுக்கும் (கே.வி.ஏ.) உள்ள விகிதம். 30-ஐ 0.70-ஆல் வகுத்தால் 42.9 கே.வி.ஏ. 0.95-க்கு உயர்த்தினால் 31.6 கே.வி.ஏ. போதும். 400 வோல்ட்டில் லைன் கரண்ட் 62 ஆம்பியரிலிருந்து 46-க்கு இறங்கும். யூனிட் (கிலோவாட் மணி) கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதில் மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இதற்குத் தேவை 20.7 கே.வி.ஏ.ஆர். (கெபாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு). கடையில் 20 என்று கேட்டு வாங்கிவிடுவது பலர் செய்யும் தவறு. 440 வோல்ட்டுக்கு மதிப்பிட்ட கெபாசிட்டர் 400 வோல்ட்டில் 83 சதவீதம்தான் தரும். ஆகவே 25 கே.வி.ஏ.ஆர். வாங்குங்கள், 5, 10, 10 என்று பிரித்து, ரிலே (தானாக இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தேவைக்கேற்பச் சேர்க்கட்டும். மொத்தமாக நிரந்தரமாகக் கட்டிவிட்டால், ஒரே ரம்பம் ஓடும் நேரத்தில் கெபாசிட்டர் மிகையாகி, பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

கட்டணம் அந்த மாதத்தின் உச்சமான அரைமணிச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், சுமை உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஃபியூஸ் போய் அரைமணி கவனிக்காமல் விட்டாலே அம்மாத லாபத்தில் ஒரு பகுதி போய்விடலாம். மாதம் ஒருமுறை கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்: 10 கே.வி.ஏ.ஆர். பிரிவு ஒவ்வொரு லைனிலும் 12 ஆம்பியர் காட்ட வேண்டும். ஒரு லைனில் குறைந்தால் ஃபியூஸோ கெபாசிட்டரோ போய்விட்டது என்று பொருள்.

பட்டறையில் வேகக்கட்டுப்பாட்டு டிரைவ்கள் நிறைய இருந்தால் முதலில் ஹார்மோனிக் (மின் அலையில் ஏற்படும் சிதைவு) அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது அதிகமுள்ள இடத்தில் வெறும் கெபாசிட்டர் சூடாகி உப்பிவிடலாம். 7 சதவீத ரியாக்டர் (கெபாசிட்டருடன் தொடராக இணைக்கும் சுருள்) சேர்த்தால், கெபாசிட்டர் முனையில் 430 வோல்ட் நிற்கும். 440 வோல்ட் ரகத்துக்கு அது மிக நெருக்கம், 480 அல்லது 525 வோல்ட் ரகமே சரி. டிரைவின் அவுட்புட் பக்கம் எக்காரணத்துக்கும் கெபாசிட்டர் கட்டாதீர்கள்.

கேள்வி: வீட்டில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: வேண்டாம். வீட்டு மீட்டர் கிலோவாட் மணியை மட்டுமே எண்ணும். பெட்டிக்குள் கெபாசிட்டர் இருந்தாலும் அந்த எண் மாறாது. அந்தப் பணத்தில் கீசருக்கு டைமரும் போர்வையும் போடுங்கள். மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: லோட் ஷெட்டிங் நேரத்தில் ஜெனரேட்டர் போட்டால் வோல்டேஜ் ஏறிப்போகிறது. கெபாசிட்டர் பேங்க் (தொகுப்பு) தான் காரணமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பெரும்பாலும் அதுதான். சுமை குறைவாக இருக்கும்போது கெபாசிட்டரே ஆல்டர்னேட்டரை (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) ஊக்குவிக்கும், ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கருவி) கட்டுப்பாட்டை இழந்துவிடும். மாற்று சுவிட்சில் ஒரு துணை கான்டாக்ட் எடுத்து, ஜெனரேட்டர் ஓடும்போது பேங்க் விலகியிருக்கும்படி செய்யுங்கள். மின்சாரம் திரும்பியதும் ஒரு நிமிடம் தாமதித்துத்தான் சேர வேண்டும். மின்னேற்றம் வடியாத கெபாசிட்டரை இணைத்தால் கான்டாக்டர் (காந்த சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்து, முனைகளுக்கிடையே மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயரிங்கைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனே செய்து, சி.ஓ.சி. (விதிகளுக்கு உட்பட்டது என்னும்) சான்றிதழும் தர வேண்டும்.