டெல்ஃபி பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் என்றால் உயிர். அப்போலோவின் கோயில் இருந்த டெல்ஃபியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்கிறாள். எங்கள் நால்வருக்கு ஒன்பது நாள் கிரீஸ் சுற்றுலாவுக்கு ஒரு பயண நிறுவனம் 9 லட்சம் ரூபாய் கேட்கிறது. கணவர், நான் இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 1.35 லட்சம் கைக்கு வருகிறது. பயணத்துக்கென்று 3 லட்சம் சேர்த்திருக்கிறோம். அவசரத் தேவைக்கு 5 லட்சம் வைப்பு நிதியில் இருக்கிறது. மகளின் மேற்படிப்புக்காக மாதம் 25,000 எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போகிறது. மீதி 6 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கி இந்த அக்டோபர் விடுமுறையில் போகலாமா? கொழுந்தனார் குடும்பமும் வர விரும்புகிறது. அவர் வாங்கப்போகும் 5 லட்சம் கடனுக்கு என் கணவரை ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்.
– திருச்சி வாசகி

பதில்: மகளை அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால் இந்த அக்டோபரில் வேண்டாம். அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்த பிறகு, மே மாதத்தில் போங்கள். அதற்கு 22 மாதங்கள் இருக்கின்றன.

6 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,200 ரூபாய். வட்டி மட்டும் 1.28 லட்சம் ஆகும். கடைசித் தவணையைக் கட்டும்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பாள். கல்லூரிச் செலவு வாசலில் வந்து நிற்கும் நேரம் அது.

அடுத்து, அந்த 9 லட்சம். நிகழ்ச்சி நிரலை வாங்கி நிதானமாகப் படியுங்கள். இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளுக்குத்தான் பணம் போகும். டெல்ஃபிக்கு ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 180 கிலோமீட்டர்; பஸ்ஸில் ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். உச்சி வெயிலில் இறங்கி, கூட்டத்தோடு மலைச்சரிவில் ஏறி இறங்கி, அருங்காட்சியகத்தை அரைகுறையாகப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடவா உங்கள் மகள் இரண்டு ஆண்டு காத்திருந்தாள்? தீவுகளை விட்டுவிடுங்கள். டெல்ஃபி ஊரிலேயே இரண்டு இரவு தங்குங்கள். நான் போனபோது அப்படித்தான் தங்கினேன். அங்கே வெண்கலத் தேரோட்டி சிலை ஒன்று இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வார்த்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண்ணிமை மயிர்கள்கூடச் செம்பில் செய்து பொருத்தியிருப்பது தெரியும். கையில் கடிவாளத்தின் துண்டு இன்னமும் இருக்கிறது. அதன் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன். உங்கள் மகளுக்கும் அந்த அரை மணி நேரம் கிடைக்க வேண்டும்.

தீவுகள் இல்லாமல், விமான டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் நீங்களே பதிவு செய்தால் என் மதிப்பீட்டில் 6.5 லட்சத்துக்குள் முடியும். தொகுப்பாக வாங்கும்போது பயண நிறுவனம் முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரியும் இதில் வராது. அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் பணம்தான் என்றாலும், அதுவரை முடங்கிக் கிடக்கும்.

அதற்குள் யூரோவின் மதிப்பு ஏறினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டியிருந்த யூரோ, அந்த ஆண்டு முடிவதற்குள் 100 ரூபாயைத் தாண்டியது. ஆகவே பத்து சதவீதம் கூட்டி 7.15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 19,000 வீதம் 22 மாதம் தொடர் வைப்பில் போட்டால் 4.18 லட்சம். கையிலுள்ள 3 லட்சத்தோடு சேர்த்தால் கணக்கு முடிந்தது. கடன் தவணையைவிடக் குறைவான தொகை இது. இவ்வளவு குறுகிய காலத்துக்குப் பங்குச் சந்தைப் பக்கம் போக வேண்டாம். எஸ்.ஐ.பி.யையும் 5 லட்சம் வைப்பு நிதியையும் தொடவே கூடாது.

ஜாமீன் விஷயத்துக்கு டெல்ஃபியிலேயே பதில் இருக்கிறது. அப்போலோ கோயில் முகப்பில் மூன்று வாசகங்கள் பொறிக்கப்பட்டிருந்ததாகப் பண்டைய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். ‘உன்னை அறி’, ‘எதிலும் மிகை வேண்டாம்’ என்ற இரண்டும் உலகத்துக்கே தெரியும். மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: ‘பிணை நின்றால் கேடு பக்கத்தில்’. இருபத்தைந்து ஆண்டுகளாக நிதி ஆலோசனைத் தொழிலில் இருக்கும் நான், ஜாமீன் கையெழுத்தால் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகளை நிறையப் பார்த்துவிட்டேன். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் உங்கள் கணவரின் கடன் மதிப்பெண்ணும் சரியும். மகளின் கல்விக் கடனுக்கு நீங்கள் வங்கிப் படியேறும்போது அது முன்னால் வந்து நிற்கும். கொழுந்தனாரிடம் கணவரே நேரில் பேசட்டும். ‘நாங்களும் கடன் வாங்கவில்லை, நீயும் மாதாமாதம் போடு, மே மாதம் சேர்ந்தே போவோம்’ என்று சொல்லலாம். உறவு முறியாது.

போகும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 12 வயதானால் முழுக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓட்டல் வாடகைக்கு மேல் அரசுக்கு ஒரு கட்டணம் உண்டு: 2025 விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர ஓட்டலில் அறைக்கு இரவொன்றுக்கு 5 யூரோ. கடையில் கார்டை நீட்டும்போது ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் அது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.