ஃபியூச்சராமா லாஜிக் ஓட்டைகள்: கேள்விகளும் அடைப்புகளும்

ஃபியூச்சராமா ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். பீட்சா கடையில் வேலை பார்த்த ஃப்ரை உறைந்துபோய், ஆயிரம் வருஷம் கழித்து எழுந்து, ஒரு விண்வெளி டெலிவரி கம்பெனியில் சேர்கிறார். ஒற்றைக்கண் லீலா, ரோபோ பெண்டர், ஆமி, ஹெர்மஸ், பேராசிரியர் எல்லோரும் அங்கே இருப்பவர்கள். அதன் கதை ஓட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். முதலில் ஒரு விதி. ஓட்டையை அடைக்க நீங்கள் சொல்லும் காரணம் திரையில் காட்டியதிலிருந்துதான் வர வேண்டும். ஓர் எபிசோடை அடைக்கப் போய் இன்னோர் எபிசோடில் புது ஓட்டை தோண்டக் கூடாது.

மின்மினி: டெலிவரி கப்பல் ஒளியை விட வேகமாக எப்படிப் போகிறது?

2000இல் வந்த ஓர் எபிசோடிலேயே இரண்டு பதில் இருக்கின்றன. விஞ்ஞானிகள் 2208இல் ஒளியின் வேகத்தையே கூட்டிவிட்டார்கள் என்பது ஒன்று. கப்பல் நகர்வதே இல்லை, எஞ்சின் பிரபஞ்சத்தைத்தான் நகர்த்துகிறது என்பது மற்றொன்று. கப்பல் நிற்கிறதென்றால் வேக வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது, அதனால் இரண்டும் மோதவில்லை.

கணக்குப்புலி: ஃப்ரையின் வங்கிக் கணக்கில் இருந்த 93 சென்ட் ஆயிரம் வருஷத்தில் 430 கோடி டாலர் ஆகுமா அக்கா? பேங்க் கணக்கை மூடியிருக்காதா?

பெருக்கல் சரி. வட்டி 2.25 சதவீதம். 1.0225ஐ ஆயிரம் தடவை பெருக்கினால் சுமார் 460 கோடி, அதை 0.93ஆல் பெருக்கினால் 428 கோடி.

ஓட்டை சில்லறையில் இருக்கிறது. 93 சென்டுக்கு ஒரு மாத வட்டி 0.17 சென்ட். மாதாமாதம் முழு சென்டாகத் திருத்தி வரவு வைக்கும் வங்கியில் அது பூஜ்யமாகிவிடும். ஆயிரம் வருஷம் கழித்தும் 93 சென்ட்தான் இருக்கும். அரையாண்டு வட்டி என்றால் 1.05 சென்ட் வரும், ஒரு சென்டாவது ஏறும். திரையில் சொன்ன தொகை கிடைக்க வேண்டுமென்றால் பின்னத்தை வெட்டாமல் எழுதிவந்த வங்கியாக இருக்க வேண்டும்.

நீண்ட காலம் யாரும் தொடாத கணக்கு அமெரிக்காவில் மாநில அரசின் கைக்குப் போகும். அதற்கு அடைப்பு நிப்ளரின் இனத்தார். நிப்ளர் லீலாவின் செல்லப் பிராணி போல இருக்கும் அறிவுள்ள வேற்றுக்கிரகவாசி. ஃப்ரையை உறைபெட்டிக்குள் தள்ளியதே நிப்ளர்தான் என்று 2003 எபிசோடு சொல்கிறது. ஃப்ரை எழும் நாள் வரை அவருடைய கணக்கை உயிரோடு வைக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. அவர்கள் பணம் போட்டதாக மட்டும் சொல்லாதீர்கள். ஒரு சென்ட் போட்டாலும் இறுதித் தொகை மாறிவிடும். இருப்பைக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதும்.

சாம்பார்வடை: லீலாவை முதலில் வேற்றுக்கிரகவாசி என்றார்கள், அப்புறம் மியூட்டன்ட், அதாவது சாக்கடையில் வாழும் உருமாறிய மனிதர்களில் ஒருத்தி என்றார்கள். நடுவில் கதையை மாற்றிவிட்டார்களா?

இல்லை. 2002இல் உண்மை வெளியாகும் முன்பே, 1999இல் பாதாளச் சாக்கடைக் காட்சியின் கூட்டத்தில் அவளுடைய பெற்றோர் நிற்கிறார்கள். இது ஓட்டையே இல்லை.

மரபணு மாணவி: ஃப்ரை தனக்கே தாத்தா. உயிரியல்படி எங்கே உடைகிறது?

நல்ல கேள்வி. உடைவது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். காலத்தில் பின்னோக்கி 1947 ராஸ்வெல்லுக்குப் போன ஃப்ரையிடமிருந்து அவருடைய அப்பா யான்சிக்குப் போகிறது. யான்சியிடமிருந்து திரும்ப ஃப்ரைக்கே வருகிறது. மற்ற குரோமோசோம்களில் பாட்டி மில்ட்ரெட்டின் பங்கும் அம்மாவின் பங்கும் புதிதாகக் கலக்கின்றன. ஒய்க்கு மட்டும் ஊற்றுக்கண்ணே இல்லை. நகலெடுக்கும்போது பொதுவாகச் சில எழுத்துகள் மாறும். இங்கே ஒன்று மாறினாலும் வட்டம் மூடாது. ஆகவே இரண்டு தலைமுறையிலும் ஒரு பிழைகூட விழவில்லை என்றுதான் வைக்க வேண்டும். தொடரில் மற்றவர்களுக்கெல்லாம் இருக்கும் டெல்டா மூளை அலை ஃப்ரைக்கு இல்லாததற்கு இந்தப் பிறப்பைத்தான் தொடரே காரணமாகச் சொல்கிறது. புதிதாக நோய் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ராக்கெட் ராஜா: ஒளியை விட வேகமா போக முடியாதே?

முதல் பதிலைப் பாருங்கள்.

பாதி இட்லி: உடல் மாறும் எபிசோடில் அந்தக் கணக்கு நிஜமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நிஜம்தான். அதை எழுதிய கென் கீலர் கணிதத்தில் முனைவர். இந்தக் கதைக்காகவே ஒரு தேற்றத்தை நிறுவினார். கதையில் இரண்டு பேரின் மனதை உடல் மாற்றிவைக்கும் இயந்திரம் ஒன்று வருகிறது. அதன் விதி: ஒருமுறை மாற்றிக்கொண்ட அதே இரு உடல்கள் மறுபடி மாற்றிக்கொள்ள முடியாது. புதிதாக இரண்டு பேர் வந்தால் எந்தக் குழப்பத்தையும் அவிழ்க்கலாம்.

உதாரணத்துக்கு ஃப்ரையும் லீலாவும் மாறிக்கிடக்கிறார்கள், உதவிக்கு ஆமியும் ஹெர்மஸும் வருகிறார்கள் என்று வையுங்கள். உட்கார வைக்கும் வரிசை: ஆமி–ஃப்ரை, ஹெர்மஸ்–லீலா, ஆமி–லீலா, ஹெர்மஸ்–ஃப்ரை, கடைசியில் ஆமி–ஹெர்மஸ். ஐந்து மாற்றம், எந்த ஜோடியும் இரண்டாம் முறை வராது. பெயர் என்றால் இங்கே உடல்தான். உள்ளே இருக்கும் ஆளைப் பார்த்து உட்கார வைத்தால் வரிசை குலைந்துவிடும். உதவிக்கு ஆமி மட்டும் வந்தால் லீலா சரியாவாள். ஆனால் ஃப்ரையும் ஆமியும் ஒருவர் உடலில் மற்றவர் மாட்டிக்கொள்வார்கள், அந்த ஜோடி முதல் படியிலேயே செலவாகிவிட்டது.

ஞாயிறு மாலை: ஸீமோர் நாய் பன்னிரண்டு வருஷம் ஃப்ரைக்காகக் காத்திருந்தது என்று 2002இல் அழவைத்தார்கள். 2007 படத்தில் ஃப்ரையின் நகல் அதே பீட்சா கடை மாடியில் அதோடு வாழ்ந்ததாகக் காட்டுகிறார்கள். எது உண்மை?

இரண்டும். படத்தில் அந்த ஃப்ரை ஒரு நார்வாலை (கொம்பு போல நீண்ட பல்லுள்ள திமிங்கிலம்) பராமரிக்கும் வேலைக்குப் போகிறார், பிறகு அதைத் தேடிக் கடலுக்கே போகிறார். நாய் வாசலில் காத்திருந்த நேரம் அதுதான்.

மின்மினி: காலப்பயணம் பழைய கதையை அழித்துவிட்டது என்றால் எளிதாக முடியுமே?

முடியாது. அந்தப் படத்தின் காலப்பயணம் முரண் வராத வகை. அழித்தல் என்று வைத்தால் படத்தின் விதியே போய்விடும். முதலில் சொன்னேனே, இன்னோர் இடத்தில் தோண்டாதீர்கள் என்று.

ஞாயிறு மாலை: ஆனால் கடைசியில் அது வாசலிலேயே கண்ணை மூடி இறந்துபோகிறதே?

கண்ணை மூடுகிறது. இறந்ததை அந்தக் காட்சி காட்டவில்லை. பேராசிரியர் கையில் வந்த நாயின் புதைபடிவக் கல்லைப் பாருங்கள், வெறும் எலும்பில்லை, முழு நாய் உருவம். கிடந்து அழுகிய உடல் அப்படிக் கல்லாகாது. திடீரென ஏதோ நடந்திருக்க வேண்டும். படத்தில் 2012இல் பெண்டர் கடையைத் தகர்ப்பது அதற்குப் பொருந்துகிறது. வயதும் பொருந்துகிறது: ஃப்ரை போனபோது நாய்க்கு மூன்று, இறந்தபோது பதினைந்து.

சாம்பார்வடை: இப்படி அடைத்தால் அந்த எபிசோடின் வலியே போய்விடுகிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் காட்சி எதையும் நான் நீக்கவில்லை.

நைட் ஷிப்ட்: ஒளி வேகம் பற்றி...

2208. மேலே இருக்கிறது.

தமிழ் டப்பிங் தேடி: தமிழில் எங்கே பார்க்கலாம்?

அது என் துறை இல்லை. டப்பிங் பட்டியல் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

கணக்குப்புலி: 1729 அடிக்கடி வருகிறதே, தற்செயலா?

இல்லை. கணித மேதை ஹார்டி தான் வந்த டாக்சியின் எண்ணாகச் சொல்ல, ராமானுஜன் சிறப்பு சொன்ன எண் அது: 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும் இரண்டு வழியில் வரும். தொடரில் வரும் நிம்பஸ் என்ற விண்கப்பலின் உடலில் அது எழுதியிருக்கிறது. பெண்டரின் வரிசை எண் 2716057ஐயும் போட்டுப் பாருங்கள், 952³இலிருந்து 951³ஐக் கழித்தால் வரும்.

ஞாயிறு மாலை: கடைசியாக ஒன்று. ஸீமோர் காத்திருந்தது மட்டும் உண்மைதானே அக்கா?

உண்மை. மழையிலும் பனியிலும் அந்த வாசலில் இருந்தது. கடைசிக் கண்மூடலை மட்டும்தான் நான் தூக்கம் என்கிறேன்.