முகாமில் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட்: புரோக்கர் மீது வழக்கு வேண்டாம்

வாசகியின் கேள்வி, சுருக்கமாக: பெற்றோர் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1992-இல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தேன். கணவர் இந்தியர், மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆதார் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்காகப் பணம் வாங்கிய புரோக்கர், வாக்காளர் அட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறார். அலுவலகங்களில் அவமானப்படுகிறேன். இங்கே பிறந்த நான் இந்தியர் இல்லையா? அவர் மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: அலுவலகங்களில் பட்ட அவமானம் உண்மையாகவே இருக்கட்டும், அதனால் குடியுரிமை வராது. பார்க்க வேண்டியது உங்கள் பிறந்த தேதியைத்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பெற்றோரின் குடியுரிமை பொதுவாகத் தடையாகாது. 1986-இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது அதனால்தான். 1992-இல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். ஆதார் குடியுரிமைச் சான்றல்ல. திருமணமும் தானாகக் குடியுரிமை தராது.

ஆனால், இந்தியரை மணந்து ஏழாண்டுகள் இங்கே வசித்தவர் என்ற முறையில் குடியுரிமைச் சட்டம் 5(1)(சி) பிரிவின்கீழ் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று அதிகாரி மறுக்கக்கூடும். சட்டத்தின் விளக்கப்படி அது ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தவரையோ, ஆவணத்தோடு நுழைந்து அனுமதிக் காலம் கடந்தும் தங்கியவரையோதான் குறிக்கும், நீங்களோ எங்கிருந்தும் நுழையவில்லை என்று வாதிட இடமுண்டு.

இந்த வாதத்தைக் கெடுக்கப்போவது உங்கள் கையிலிருக்கும் வாக்காளர் அட்டைதான். இந்தியக் குடிமகள் என்று உறுதிமொழி கொடுக்காமல் அது கிடைத்திருக்காது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அந்த அட்டையைக் காட்டி, குடியுரிமையை மறைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், பாஸ்போர்ட் சட்டம் 12(1ஏ) பிரிவின்கீழ் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு மத்திய அரசு 2025-இல் அளித்த விலக்கு, ஆவணமின்றி வந்து தங்கியதற்கு மட்டுமே. பொய் விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் ஆத்திரத்தில் காவல் நிலையத்துக்குப் போய், எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பதைத் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அதன்பின் புரோக்கர் சாட்சியாகவும் புகார்தாரர் குற்றம்சாட்டப்பட்டவராகவும் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே புரோக்கர் திருப்பித் தருவதை வாங்கிக்கொண்டு விலகுங்கள்; ஒன்றும் தராவிட்டாலும் விட்டுவிடுங்கள். அந்த அட்டையை வைத்து வாக்களிக்கவோ எங்கும் காட்டவோ கூடாது. ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து, அவர் மூலம் வாக்காளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கிய பிறகே 5(1)(சி) விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.