குடியரசுத் தலைவர் மாளிகையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை

கேள்வி: என் சித்தப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் 28 ஆண்டுகளாக வழக்கறிஞர். குடியரசுத் தலைவர் மாளிகையில் சொல்லி அவர் பெயரை உச்ச நீதிமன்ற நீதிபதிப் பட்டியலில் சேர்த்துவிடுவதாக டெல்லிக்காரர் ஒருவர் சொல்கிறார். பயோடேட்டாவும் 'செலவுக்கு'ப் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் போலீசில் புகார் எழுதுங்கள். இந்தப் பதவிக்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. மாளிகையின் முகப்பில் நின்று எடுத்த போட்டோவைக் காட்டுவார்கள். சுற்றிப் பார்க்கப் போகிற யாரும் எடுக்கலாம் அந்தப் போட்டோவை.

அமெரிக்க அதிபர் தாமே ஆளைத் தேர்ந்தெடுத்து செனட்டுக்கு அனுப்புவார். இங்கே குடியரசுத் தலைவர் ஆள் தேடுவதில்லை. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் கொண்ட கொலீஜியம்தான் பெயரைச் சொல்லும். அது சட்ட அமைச்சகம், பிரதமர் வழியாகப் போய்க் கடைசியில்தான் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு வரும். நீதிபதிகளைக் 'கலந்தாலோசித்து' என்றுதான் அரசியல் சட்டத்தின் 124ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு அவர்களின் இசைவு என்று பொருள் என 1993இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. கொலீஜியத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தையும் 2015இல் ரத்து செய்தது.

சித்தப்பாவுக்குத் தகுதி இருக்கிறதா என்றால், காகிதத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்கறிஞராக இருந்தாலே போதும். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உயர் நீதிமன்ற நீதிபதிகள். வழக்கறிஞர் வரிசையிலிருந்து நேரே போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2018இல் இந்து மல்ஹோத்ரா, 2023இல் பொள்ளாச்சிக்காரரான கே.வி.விஸ்வநாதன். பத்தாண்டு என்ற வரியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இவர்கள் உச்ச நீதிமன்றத்திலேயே பல ஆண்டுகள் வாதாடிப் பெயரெடுத்த மூத்த வழக்கறிஞர்கள். கொலீஜியத்தின் நீதிபதிகள் இவர்களைத் தினமும் கண்முன்னே பார்த்தார்கள். சென்னையில் வழக்காடுகிறவரை அவர்கள் எங்கே பார்ப்பது?

கொலீஜியம் சொன்னாலும் உடனே நடந்துவிடாது. மல்ஹோத்ராவோடு பரிந்துரைக்கப்பட்டவர் கே.எம்.ஜோசப். அரசு அவர் கோப்பைத் திருப்பி அனுப்பியது. கொலீஜியம் மறுபடி சொன்ன பிறகுதான், ஆகஸ்டில் பதவியேற்றார். இத்தனை நாளுக்குள் முடிவெடு என்று உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குக் கெடு வைத்தது; அப்படியும் கோப்புகள் தாமதமாகத்தான் செய்கின்றன. கோப்பு இப்படித் தூங்குகிற இடைவெளியில்தான் 'நான் தள்ளிவிடுகிறேன்' என்று தரகர்கள் முளைக்கிறார்கள்.

உங்கள் ஆளிடம் ஒன்று கேளுங்கள்: கொலீஜியத்தின் ஐந்து நீதிபதிகள் யார் யார்? பெயர் சொல்லட்டும் பார்ப்போம்.