நாற்பது வயதில் கர்நாடக சங்கீதப் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே சொல்லும் சொற்களே புரியவில்லை. முதலில் எந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

சுருதி, அதாவது பாடும்போது நாம் அடிப்படையாகப் பிடித்துக்கொள்ளும் ஓசை. முதலில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எடுப்புலேர்ந்து வாங்கோ" என்று டீச்சர் சொன்னதும் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். எடுப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் முன்னால் கேட்கவும் கூச்சமாக இருக்கும். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மகளைக் கொண்டுவிடப் போன இடத்தில், ஒரு மணி நேரம் வாசலில் சும்மா இருப்பதற்கு உள்ளே போய்க் கற்றுக்கொள்ளலாமே என்று 41 வயதில் சேர்ந்தேன். இது ஏழாவது வருடம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வித்வான் இல்லை. பட்டம் வாங்கியதில்லை, மேடை ஏறியதில்லை. இசை இலக்கணம் முறையாகப் படித்தவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "இவளுக்கு என்ன தெரியும் என்று பதில் எழுத வந்துவிட்டாள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தச் சொற்கள் நடுவயதுக்காரருக்கு எந்த இடத்தில் இடறும் என்பது ஐந்து வயதில் ஆரம்பித்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இதை வீட்டுப் பேச்சு மாதிரி கற்றவர்கள். எனக்கு இடறிய இடங்கள் எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வகுப்பில் சுருதிப் பெட்டி (அந்த ஓசையை விடாமல் ஒலிக்கும் பெட்டி) எப்போதும் ஐந்தரைக் கட்டையில்தான் இருக்கும். "லேடீஸுக்கு அஞ்சரை" என்று டீச்சர் முதல் நாளே சொன்னார். கட்டை என்றால் ஏதோ வகுப்பு, நிலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள் வரை சமாளித்தேன். மேல்ஸ்தாயி வரிசை வந்தது. மேல் ச-வைத் தாண்டி ரி, க, ம, ப என்று ஏற வேண்டும். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். மேல் பஞ்சமத்தில், அதாவது அந்த ப-வில், குரல் உடைந்து வெறும் காற்றாக வந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதே இடத்தைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைப் பார்த்து, "வயசாயிடுத்து இல்லையா, குரல் கெட்டிப்பட்டுப் போச்சு. நீங்க வாய்க்குள்ளயே பாடிண்டு வாங்கோ" என்றார்.

எட்டு மாதம் நான் வாய்க்குள்ளேயே பாடினேன். பணம் கட்டி, வாரம் இரண்டு நாள் போய், உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். அவர் கெட்டவர் இல்லை. இருபது பேரை ஒரே பெட்டிக்கு முன்னால் வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்ய முடியும்? ஆனாலும் அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

எங்கள் தெருக் கோயிலில் ஓர் ஓதுவார் இருந்தார். சாயரட்சைக்குத் தேவாரம் பாடிவிட்டுத் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒரு மார்கழியில், எப்படித்தான் துணிச்சல் வந்ததோ, அவரிடம் போய், "ஐயா, எனக்கு மேல் பஞ்சமம் எட்டவே மாட்டேங்குது. குரல் போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்றேன்.

"எத்தனை கட்டையில பாடுறே?"

"அஞ்சரை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தன் சுருதிப் பெட்டியை எடுத்தார். சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். அதன் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினார். "வீட்டுல யாராவது கூப்பிட்டா 'ம்'னு சொல்லுவேல்ல, அந்தக் குரல்ல ம் சொல்லு" என்றார். சொன்னேன். திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றி, இறக்கி, பெட்டியின் ஓசையும் என் 'ம்'மும் ஒட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தினார். "இதுதான் உன்னோட ச. இங்கேருந்து கீழ இறங்கு." ச, நி, த, ப. ப-வில் குரல் கனமாக, முழுசாக நின்றது. "இப்ப மேல போ." ஏறினேன். மேல் ச வந்தது. ரி, க, ம வந்தது. ப-வும் வந்தது. கத்தவில்லை, நரம்பு புடைக்கவில்லை, மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாலு கட்டை. எழுதி வச்சுக்கம்மா. கீழ் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் எந்தக் கட்டையில கஷ்டமில்லாம வருதோ அதுதான் உன் சுருதி. இது வளையல் மாதிரி, அவங்கவங்க கைக்குத்தான் சேரும்" என்றார்.

ஐந்தரைக்கும் நாலுக்கும் நடுவில் மூன்றே மூன்று ஸ்வரஸ்தானம், அதாவது மூன்று ஓசைப் படிதான் இறக்கம். அதற்குத்தான் எட்டு மாதம் உதட்டை அசைத்தேன்.

கட்டை என்பது ஹார்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. வெள்ளைக் கட்டைகளை வரிசையாக 1, 2, 3 என்று ஏழு வரை எண்ணுங்கள். இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரை. மேற்கத்திய இசைக்காரர்கள் சி என்று சொல்வது நமக்கு ஒரு கட்டை, ஜி என்பது ஐந்து கட்டை, ஜி ஷார்ப் என்பது ஐந்தரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள்ளும் பாடுகிறார்கள். இது வழக்கம்தான், சட்டம் இல்லை. எம்.டி.ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில் பாடியே தனி இடம் பிடித்தவர். டி.கே.பட்டம்மாளின் கனமான குரலைக் கேட்டுப் பாருங்கள். கீழே பாடினால் குறைச்சல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இதே ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி ஒதுக்கி வைத்தது. அந்தத் தடை தளர முப்பது ஆண்டு ஆனது. கட்டை கட்டையாக நிற்கும் ஓசையில் நம் கமகம் வராது என்பது அதன் மேல் சொல்லப்பட்ட பெரிய குறை. கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து, வளைத்து, அடுத்த ஸ்வரத்தின் வாசனையோடு பிடிப்பது. ஹார்மோனியத்தை வேண்டாம் என்றாலும், சுருதியைச் சொல்ல இன்றைக்கும் எல்லாருக்கும் கட்டைதான் வாயில் வருகிறது.

சுருதி புரிந்துவிட்டால் ஸ்வரம், அதாவது ச ரி க ம ப த நி, தானாகப் புரியும். ச என்பது ஒரே இடத்தில் நிற்கும் ஓசை இல்லை. உங்கள் சுருதி எதுவோ அது ச. ச-வும் ப-வும் அசையாது. ரி, க, த, நி ஒவ்வொன்றிலும் மூன்று வகை, ம-வில் இரண்டு. கூட்டினால் 16 பெயர் வரும், ஆனால் இடம் 12-தான். நான்கு இடங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. முதல் வருடம் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நமக்கு முதலில் சொல்லித் தருவது மாயாமாளவகௌளை என்ற ராகம் மட்டும்தான். புரந்தரதாசர் வகுத்த பாடமுறை என்பார்கள். ஸ்தாயி என்றால் கீழ், நடு, மேல் என்று மூன்று மாடி. புத்தகத்தில் எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் கீழ் மாடி, மேலே புள்ளி இருந்தால் மேல் மாடி.

"ஏன் வடமொழிப் பெயர்?" என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழுக்கும் தமிழ்ப் பெயர் சிலப்பதிகாரக் காலத்திலேயே இருப்பது எனக்கும் தெரியும், அதில் எனக்கும் பெருமைதான். ஓதுவார் ஐயா தக்கேசிப் பண் என்று சொல்லிப் பாடுவதை டீச்சர் காம்போதி ராகம் என்பார். இரண்டு பெயரும் எனக்கு வேண்டும். ஆனால் கேள்வி கேட்டவர் நாளைக்கு வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே காதில் விழப்போகும் சொல்லைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்து காலம், அதாவது பாடும் வேகம். இதில் விழாதவர்கள் குறைவு. "இரண்டாம் காலம்" என்று டீச்சர் சொன்னதும் நான் தொடையில் வேகமாகத் தட்ட ஆரம்பித்தேன். தாளம் வேகமாகக் கூடாது. தட்டு அதே நடையில் போக வேண்டும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் அதே தட்டுக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை கடிகாரம் மாதிரி, வாய் மட்டும்தான் ஓட வேண்டும். இது எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வீட்டில் மிக்சி ஓடும்போதுகூட சமையல் மேடையில் ஒரு கையால் தட்டிக்கொண்டே இருப்பேன்.

தட்டுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். இந்த நான்கும் சேர்ந்தது லகு. அப்புறம் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, இது துருதம். இன்னொரு துருதம். எட்டு முடிந்தது. இந்த ஒரு சுற்றுக்கு ஆவர்த்தனம் என்று பெயர். பாட்டு இந்தச் சுற்றில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அது எடுப்பு. முதல் தட்டிலேயே தொடங்கினால் சம எடுப்பு. தட்டு விழுந்த பிறகு கொஞ்சம் தள்ளித் தொடங்கும் பாட்டுகளும் உண்டு, அங்கேதான் நாம் தவறவிடுவோம். கட்டைவிரலில் ஆரம்பித்து எண்ணாதீர்கள், எப்போதும் சுண்டு விரல்தான். முதல் வாரமே டீச்சர் என் விரலைப் பிடித்து மடக்கி இதைக் காட்டினார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ராகத்தை அவசரப்பட்டு விளங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். ஏறும் வரிசை ஆரோகணம், இறங்கும் வரிசை அவரோகணம். இரண்டும் தெரிந்தால் ராகம் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆரபியும் தேவகாந்தாரியும் எழுதிப் பார்த்தால் ஒரே ஏறுவரிசை, ஒரே இறங்குவரிசை. கேட்டால் இரண்டும் வேறு வேறு. ஆரபி துள்ளி நடக்கும், தேவகாந்தாரி நின்று இழைந்து போகும். கமகம்தான் பிரிக்கிறது. அடுத்தடுத்து இரண்டையும் ஒரு பத்து நாள் கேளுங்கள், எந்த விளக்கமும் வேண்டாம்.

கச்சேரிச் சொற்கள் இப்போதைக்கு இவ்வளவு போதும். ஒரே வரியைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் பாடுவது சங்கதி. ஒரு வரியின் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு ராகத்தை அந்த இடத்திலேயே கற்பனை செய்து விரிப்பது நிரவல். சொல்லை விட்டுவிட்டு ச ரி க ம-விலேயே கற்பனை செய்வது கல்பனாஸ்வரம். மிருதங்கம், கடம் மட்டும் வாசிப்பது தனி ஆவர்த்தனம். அந்த நேரத்தில் எழுந்து போகாதீர்கள், அதுவரை உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் வாரம் ஒரு பாட்டுப் பீரியடு கால அட்டவணையில் இருந்தது. பாட்டு டீச்சரும் இருந்தார். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். பாட்டு டீச்சர் வாசலில் வந்து நிற்பார், உள்ளே கணக்கு நடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். மூன்று வருடம் இப்படி. என் மகள் படிக்கும் பள்ளியிலும் இன்றைக்கு இதேதான் நடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "பத்தாம் வகுப்பு முடியட்டும் மேடம்" என்றார்கள். உன் குரல் எங்கே நிற்கிறது என்று பதிமூன்று வயதில் ஒருவர் காட்டியிருந்தால், நாற்பத்தொன்றில் இருபது பேர் முன்னால் வாய்க்குள் பாடச் சொல்லும் நிலை எனக்கு வந்திருக்காது. சுருதி கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது, அதுவும் கோயில் தூணடியில்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குத் தம்புராவும் வேண்டாம், விலை கொடுத்துப் பெட்டியும் வேண்டாம். கைபேசியிலேயே சுருதிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ச-வோடு சேர்ந்து ஒலிக்க வேண்டியது ப-வா ம-வா என்று கேட்டால் ப-வில் வையுங்கள். ஹிந்தோளம் மாதிரி பஞ்சமமே இல்லாத ராகத்துக்கு ம-வுக்கு மாற்றுவார்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நாலு கட்டையில் ஆரம்பித்து, அரை அரையாக ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொன்றிலும் கீழ் ப-வையும் மேல் ப-வையும் தொட்டுப் பாருங்கள். நீங்கள் ஆணாக இருந்தால் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு ப-வும் இறுக்கமில்லாமல் வரும் கட்டையைத் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய், "டீச்சர், எனக்கு இந்தக் கட்டைதான் சேருது, தனியா ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். டீச்சர் கேட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைகளில் எனக்கும் இன்னொரு அம்மாவுக்கும் மட்டும் நாலு கட்டையில் பெட்டியை வைக்க ஆரம்பித்தார். இப்போது அந்த வியாழக்கிழமை வகுப்பில் ஆறு பேர் இருக்கிறோம்.