ஜப்பானில் கைகூடியது ஈராக்கில் ஏன் கைகூடவில்லை?

இரண்டு நாடுகளையும் தோற்கடித்து ஆக்கிரமித்தது அமெரிக்காதான். போருக்குப் பின் ஜப்பான் எழுந்தது, ஈராக் ஏன் சிதறியது என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தை விட நிர்வாகம்தான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

1945-இல் ஜப்பானின் நகரங்கள் சாம்பலாகியிருந்தன, மக்கள் பட்டினியில் வாடினார்கள். ஆனால் அரசு இயந்திரம் உயிரோடு இருந்தது. ஆக்கிரமிப்புப் படைகளின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் பேரரசரை நீக்கவில்லை. ஜப்பானிய அமைச்சகங்கள் வழியாகவே ஆட்சி நடத்தினார். சரணடையச் சொன்னதே பேரரசர் என்பதால் எதிர்ப்புப் போர் எழவில்லை. பின்னாளில் ஈராக்கில் செய்தது போலவே ராணுவத்தை அங்கேயும் கலைத்தார்கள்தான். ஆனால் வீடு திரும்பிய வீரர்களை ஆள ஓர் அரசு இருந்தது. அப்புறம் நிலச் சீர்திருத்தம்: பெரிய நிலக்கிழார்களின் நிலத்தை அரசே வாங்கிக் குத்தகை விவசாயிகளுக்கு மலிவாக விற்றது. புதிய ஒழுங்கில் கிராமத்து மனிதனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. இதைப் பலரும் பேசுவதே இல்லை.

ஈராக்கில் 2003 மே மாதம், அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் இரண்டு ஆணைகள் போட்டார். ஒன்று சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது, மற்றொன்று ராணுவத்தைக் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் பிழைப்பை இழந்தார்கள். அவர்களில் பலர் கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தார்கள்.

ஜப்பானுக்குக் காலமும் கைகொடுத்தது. 1950-இல் தொடங்கிய கொரியப் போர் அதன் தொழிற்சாலைகளுக்குப் போர்ப் பொருட்களுக்கான ஆர்டர்களைக் குவித்தது.